நோவைப் போக்கிய சொட்டு

என் நானா, மூத்த அண்ணன், கடலட்டை பிடிக்கக் காற்றுச் சிலிண்டர் கட்டி ஆழத்தில் இறங்குபவர். சில நாட்களில் மேலே ஏறிவந்ததும் தோள்மூட்டு நோகும். ஆழத்தில் உடம்புக்குள் ஏறிய காற்று இன்னும் வெளியேறவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். நொந்தால் மறுநாள் இறங்கமாட்டார்.

ஒரு தடவை நோவு தாங்காமல் இருந்தவருக்கு, ஆலங்குடாக் கடற்கரையில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் சிறு போத்தலில் கஞ்சா எண்ணெய் கொடுத்தார். நாக்குக்கு அடியில் சொட்டு விட்டதும் நோவு போய்விட்டது.

மறுநாள் காலையில், "எதுக்கும் இண்டைக்கு நில்லுங்க நானா" என்றேன்.

"ஒண்டும் நோகல்லயே தங்கச்சி" என்று சொல்லிக் கடலுக்குப் போனார்.

மத்தியானம் அவரைப் படகிலிருந்து தூக்கித்தான் இறக்கினார்கள். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. நோவு போயிருந்ததே தவிர, உடம்புக்குள் இருந்த காற்று போயிருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டரிடம் போத்தலைக் கொடுத்தேன். "இதுக்குள்ள என்ன அளவு இருக்கெண்டே தெரியாது. கடலுக்குள்ள இறங்குற ஆளுக்கு இது என்ன செய்யுமெண்டு யாரும் ஒழுங்கா ஆராஞ்சு பாக்கல்ல" என்றார். கண்டவர் கையிலெல்லாம் கிடைக்கிற ஒன்றை இன்னும் ஆராயவில்லையா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அசையாத அந்தக் கால்கள் இப்போது நெருப்பாய் எரிகின்றனவாம். கொடுக்கிற மாத்திரைகள் கேட்பதில்லை. "அந்த எண்ணெய்ல ரெண்டு சொட்டு தா" என்று நானா அழுகிறார்.

டொக்டரைக் கேட்காமல் இப்போது எந்த மருந்தும் எங்கள் வீட்டுக்குள் வருவதில்லை. ஒவ்வொரு கிளினிக்கிலும் கேட்கிறேன், அந்த எண்ணெய் இந்த எரிவுக்கு உதவுமா என்று.

"இன்னும் தெரியாதும்மா" என்கிறார்.

வீட்டில் நானா வாசலையே பார்த்துக்கொண்டு கிடப்பார்.