எழுத்தக்காவின் மூக்கு

எழுத்தக்கா, வேலைக்கு வருகிறவரின் முகக்கவசப் பட்டையை இரண்டு விரலால் இழுத்து விட்டுப் பார்க்கிறார். பட்டை 'டப்'பென்று காதுக்குப் பின்னால் அடித்தால் சரி. தொளதொளவென்று ஆடினால் ஆள் உள்ளே போக முடியாது. பெயிண்ட் தொழிற்சாலையின் வாசலில், காலைச் சங்கு ஊதுவதற்கு முன்பே எழுத்தக்காவின் சோதனை தொடங்கிவிடுகிறது. "பி.பி.ஈ.?" என்று கேட்பார். வருகிறவர் தலையைத் தொட்டு, கண்ணைத் தொட்டு, மூக்கைத் தொட்டு, கையை விரித்துக் காட்டி, காலால் தரையில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். தலைக்கவசம், கண்ணாடி, முகக்கவசம், கையுறை, பூட்ஸ் எல்லாம் இருக்கின்றன என்று பொருள். யாராவது தட்ட மறந்தால், "கால வீட்டுலயே கழட்டி வெச்சுட்டு வந்துட்டியா?" என்பார். அப்போதும் சிரிக்கமாட்டார்.

பாதுகாப்பு அதிகாரி என்று சட்டையில் எழுதியிருக்கிறது. ஆனால் அப்படி யாரும் கூப்பிடுவதில்லை. பேச்சில் பாதி, புள்ளி வைத்த ஆங்கில எழுத்துகளாகவே இருப்பதால் எழுத்தக்கா ஆகிவிட்டார். மேலாளர்கூட ஒருமுறை கூட்டத்தில் வாய் தவறி அப்படியே கூப்பிட்டுவிட்டு, இருமிச் சமாளித்தார்.

அந்த எழுத்துகளை மனப்பாடம் செய்யச் சொல்பவர் அல்ல அக்கா. ஒவ்வொன்றுக்கும் ஓர் உடம்பும் குணமும் கொடுத்துவிடுவார். ரசாயனப் பீப்பாயோடு வரும் எஸ்.டி.எஸ். என்ற தாளைத் தூக்கிக் காட்டி, "இது பீப்பாயோட ஜாதகம். யாரோட சேரும், யாரோட சேந்தா வீடு பத்திக்கும், எல்லாம் இதுல இருக்கு" என்பார். கழிவுநீரைச் சுத்தம் செய்யும் ஈ.டி.பி.யைச் சுற்றிக் காட்டும்போது, "ஆல துப்புன தண்ணிய ஊருக்குள்ள விடறதுக்கு முன்னாடி குளிப்பாட்டித் தலை துவட்டுற இடம்" என்பார். அங்கே புதிதாகச் சேர்ந்த ஒருவர், பலகையில் சி.ஓ.டி. அதிகம் என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, "சி.ஓ.டி.ன்னா பொருள் வீட்டுக்கு வந்ததும் காசு குடுக்கறதுதானேக்கா?" என்று கேட்டார். தண்ணீரிலுள்ள அழுக்கு எவ்வளவு ஆக்சிஜனைத் தின்னும் என்பதன் கணக்கு அது. அக்கா, "அதேதான்ப்பா. அழுக்க நாம அனுப்புறோம். ஆத்துல இருக்கிற மீன் காசு குடுக்குது" என்றார்.

வீட்டிலும் இதே கதைதான். பல்பு மாற்றக் கணவர் ஸ்டூலில் ஏறினால், உள்ளறையிலிருந்து "டபிள்யூ.ஏ.ஹெச்." என்று குரல் வரும். உயரத்தில் வேலை, பிடித்துக்கொள்ள ஆளில்லாமல் ஏறக்கூடாது. "இது உயரமா? பூனை ஏறுற உயரம்" என்று கணவர் முணுமுணுப்பார். ஆனாலும் அக்கா வந்து ஸ்டூலைப் பிடிக்கும்வரை பல்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்.

அக்காவிடம் விசித்திரமான ஒரு பழக்கம் உண்டு. திடீரென்று பக்கத்தில் இருப்பவரைப் பிடித்து, "இப்ப என்ன வாசனை வருது?" என்று கேட்பார். மழைத் தூறல் தொடங்கும்போது, கேன்டீனில் பால் கொதிக்கும்போது, கணக்குப் பிரிவுப் பெண் தலைக்குக் குளித்துவிட்டு வந்து நிற்கும்போது. "நல்லா இருக்குக்கா" என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "நல்லான்னா? சோப்பு மாதிரி நல்லாவா, பழம் மாதிரி நல்லாவா? பாத்துச் சொல்லு." சொல்பவர் திணறித் திணறி ஒரு சொல்லைக் கண்டுபிடிக்கும்வரை விடமாட்டார். கிடைத்ததும், பசித்தவர் தட்டைப் பார்ப்பதுபோல அந்த முகத்தையே பார்ப்பார்.

ஏனென்றால் அக்காவுக்கு எந்த வாசனையும் தெரியாது.

முன்பு தெரிந்தது. சொல்லப்போனால், அவருடைய கல்யாணமே மூக்கால் நடந்தது. கணவர் ரொட்டி ஆலையில் அடுப்படி வேலை. இரவு ஷிஃப்ட் முடிந்து காலையில் வீடு திரும்புவார். அவர் படியேறும்போதே, கதவு திறப்பதற்கு முன்பே, அக்காவுக்குத் தெரிந்துவிடும்: இன்று பால் ரொட்டி, இன்று திராட்சை பன், இன்று ஏதோ ஒரு தட்டு தீய்ந்துபோயிருக்கிறது. "யாரு கருக்கினது?" என்று கதவுக்கு உள்ளிருந்தே கேட்பார். கணவர் படியிலேயே நின்று சிரிப்பார். "பொண்ணு பாக்க வந்தவங்கள்ல இவரு பக்கத்துல வந்து உக்காந்தப்பதான் எனக்குப் பசிச்சுது. சரின்னுட்டேன்" என்பது அக்காவின் வாக்குமூலம்.

அப்போது அக்கா பாதுகாப்பு அதிகாரி இல்லை. இதே தொழிற்சாலையின் கலவை அறையில் பீப்பாய் கழுவுகிறவர். கரைப்பானை ஊற்றி, துணியால் துடைத்து, அடுத்த பீப்பாய். முகத்தில் ஒரு பருத்தித் துணி மட்டும் கட்டியிருப்பார். முதல் வாரம் தலை சுற்றியது. "பழகிடும்மா" என்றார் மேற்பார்வையாளர். அவர் சொன்னபடியே பழகிவிட்டது.

எதுவரை பழகியது என்பது ஒரு நாள் காலையில் தெரிந்தது. அக்கா அடுப்பில் பால் வைத்துக்கொண்டிருந்தார். தோளில் ஒரு கை பட்டது. அலறிக்கொண்டு திரும்பினார். கணவர் நின்றிருந்தார், புருவத்தில் மாவோடு.

"நீங்க எப்ப வந்தீங்க?"

"அப்பவே. படியில நின்னு பாத்தேன், நீ ஒண்ணும் கேக்கல. கோவமா?"

கோபம் இல்லை என்று நம்பவைக்க நாளாயிற்று. பிறகு இருவருமாகக் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் போனார்கள். "நான் கத்துக்கிட்ட முதல் எழுத்து ஈ.என்.டி.தான்" என்பார் அக்கா. மூக்கின் நரம்பு பழுதாகியிருக்கிறது, திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார் மருத்துவர். தெரிந்த ஒரு வாசனையைத் தினமும் முகர்ந்துகொண்டே இருங்கள், மூளைக்குப் பழைய வழி நினைவு வந்தாலும் வரும் என்று சொல்லி அனுப்பினார். எந்த வாசனை என்று அக்கா யோசிக்கவே இல்லை. அன்றிலிருந்து காலையில் கணவர் வாசலில் நிற்பார். அக்கா அவர் கழுத்தில் மூக்கை வைத்து இழுப்பார். "ஏதாச்சும்?" என்பார் அவர். "இல்லங்க. நாளைக்குப் பாப்போம்" என்பார் இவர்.

சில ஆண்டுகளுக்குப் பின் தொழிற்சாலையில் பாதுகாப்புப் பயிற்சி நடந்தது. வி.ஓ.சி. என்றால் திறந்த பீப்பாயிலிருந்து காற்றில் ஏறும் ஆவி, டி.எல்.வி. என்றால் மனிதர் தாங்கும் எல்லை என்று பயிற்சியாளர் கரும்பலகையில் எழுதிக்கொண்டே போனார். கடைசி வரிசையில் இருந்த அக்கா எழுந்து, "இந்த எழுத்தெல்லாம் எப்ப சார் வந்தது?" என்று கேட்டார்.

"இதெல்லாம் ரொம்பப் பழசும்மா. நீங்க வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாலயே இருக்கு."

அக்கா உட்கார்ந்தார். அதற்குப் பிறகு ஒரு பயிற்சியையும் விடவில்லை. தேர்வெழுதித் தேறி, இந்தச் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டார். எல்.டி.ஐ. என்பதை விளக்கும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் தாழும். வேலைக்கு வர முடியாமல் செய்த காயம்தான் எல்.டி.ஐ.; தொழிற்சாலை வாசலில் உள்ள விபத்துக் கணக்குப் பலகையில் ஏறுவது அது மட்டும்தான். "என் மூக்குக்காக நான் ஒருநாள்கூட லீவு போடல. அதனால அது காயமே இல்ல" என்பார். பிறகு அடுத்த எழுத்துக்குப் போய்விடுவார்.

போன வருடம் கணவருக்கு இருமல் தொடங்கியது. முதலில் சளி என்றார்கள். ஆனால் விடுமுறை நாட்களில் அவர் குழந்தைபோலத் தூங்குவதை அக்கா கவனித்தார். வேலைக்குப் போய்வந்த நாளில் மூச்சுக்குள் விசில் ஊதியது.

"லீவு நாள்ல உங்களுக்கு இருமலே வரதில்ல. பாத்தீங்களா?"

"லீவு நாள்ல யாருக்கும் எந்த வியாதியும் வராது."

"மாவுத் தூசிங்க. அதுக்கும் எல்லை உண்டு. ஓ.ஈ.எல்.னு பேரு."

"மாவுக்கா?" கணவருக்கு மனம் புண்பட்டுவிட்டது. "உங்க பீப்பாய்க்கு எல்லை போடு. திங்கிற பொருளுக்கு எதுக்கு?"

அக்கா நல்ல முகக்கவசம் ஒன்று வாங்கிக் கொடுத்தார். சில நாட்களிலேயே அது வீட்டு ஆணியில் தொங்கியது. "மூக்க மூடிக்கிட்டு ரொட்டி சுட்டா, கருகறது எப்படித் தெரியும்?" என்றார் அவர்.

அந்த வாரம் வகுப்பில் அக்கா கரும்பலகையில் தலைகீழ் முக்கோணம் ஒன்றை வரைந்தார். எப்போதும் வரைவதுதான். அகலமான மேல்பக்கத்தில், ஆபத்தையே அகற்று. அது முடியாவிட்டால் ஆளை அகற்று. கீழே, கூர்முனையில், வேறு வழியே இல்லாதபோது, முகக்கவசம். "பி.பி.ஈ. கடைசி. ஆள் அங்க இருக்கத் தேவையில்லன்னா, இருக்க வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், பாதியில் சாக்கட்டியை வைத்துவிட்டு, எல்லோரையும் தேநீர் குடித்துவிட்டு வரச் சொன்னார்.

மறுநாள் காலை உணவின்போது பேச்சை எடுத்தார். பேருந்து நிலையத்தில் பயணச்சீட்டு கொடுக்க ஆள் கேட்கிறார்கள், பகல் வேலை, தூசி இல்லை.

"தெரியும். ரெண்டு வருஷம் முன்னாலயே கூப்பிட்டாங்க" என்றார் கணவர்.

"அப்புறம் ஏன் போகல?"

கணவர் தட்டைத் தள்ளி வைத்தார். "ஒருநாள் காலையில உனக்கு மூக்கு திரும்பி வந்துடுச்சுன்னு வெச்சுக்க. படியில நான் வரேன். டிக்கெட் குடுத்துட்டு வரவன்கிட்ட என்ன வாசனை இருக்கும்?"

அக்கா எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கழுவுவதற்குக் கையில் ஒன்றும் இல்லை. பிறகு மூடிவிட்டுத் திரும்பி வந்து, "நீங்க போய்ச் சேருங்க. மூக்கு திரும்பி வந்தா, டிக்கெட் வாசனை என்னன்னு பாத்துக்கறேன்" என்றார்.

"அது ரொட்டி ஆகாது."

"ஆகாது. தெரியுங்க."

கணவர் ஒப்புக்கொண்டார். ஆலையில் மாதம் முடியும்வரை இருக்கச் சொன்னார்கள், இருந்தார். கடைசி ஷிஃப்ட் முடிந்த காலையில், அக்கா சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பத் தயாராக இருந்தார். கணவர் படியேறி வந்து வாசலில் நின்றார். கூட வேலை செய்தவர்கள் விளையாட்டாக மாவை அள்ளிப் பூசி அனுப்பியிருந்தார்கள், காதுமடல்வரை வெள்ளை. மேல் பொத்தானைக் கழற்றி, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துக் கொடுத்தார். அக்கா கண்ணை மூடி, மூக்கை வைத்து இழுத்தார். விட்டார். இன்னொரு முறை, முன்னைவிட நீளமாக இழுத்தார். கணவர் அன்று எதுவும் கேட்கவில்லை. இருமலை அடக்கியதில் அவர் தோள் மட்டும் குலுங்கியது.

அக்கா மெல்ல முகத்தைத் திருப்பி, சற்றுக் கீழே இறங்கி, மாவு படிந்த சட்டையோடு அவர் நெஞ்சில் காதை வைத்தார். "மூச்ச நல்லா இழுத்து விடுங்க" என்றார்.