செம்பட்டை என்றால் திரும்பமாட்டேன்

எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகளுக்குத் தலைமுடி செம்பட்டைதான். பள்ளிக்கூடம் போனது நான் ஒருத்தி என்பதால் பட்டப்பெயர் எனக்கு மட்டும் விழுந்தது.

வலங்கைமான் பக்கம் எங்கள் ஊர். ஆட்சி மாறிய புதிது. எங்கள் வாத்தியார் கரைவேட்டி கட்டிக்கொண்டு மேடைகளில் சுயமரியாதையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். வகுப்பில் வருகை எடுக்கும்போது மட்டும் அவருக்கு என் பெயர் மறந்துபோகும். "செம்பட்டை" என்பார். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

ஒருநாள் நான் வாயைத் திறக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்.

"எம் பேரு அஞ்சலை" என்றேன்.

வெயிலில் முட்டி போடச் சொன்னார். செம்பட்டைக்கு 'உள்ளேன் ஐயா' சொன்னால் எழுந்து வரலாமாம். நான் சொல்லவில்லை.

செய்தி எப்படியோ வயலுக்குப் போய்விட்டது. நடவிலிருந்த அம்மா காலில் சேற்றோடு வந்து நின்றாள்.

"இதுல என்ன தப்பு? முடி செம்பட்டையா இருக்கு, செம்பட்டைன்னேன்" என்றார் வாத்தியார்.

"உங்க தலை வழுக்கைதான். நாங்க வாத்தியாரய்யான்னுதானே கூப்புடுறோம்?"

அம்மா என்னைத் தூக்கி நிறுத்தினாள். "பேரச் சொல்லிக் கூப்புடுங்க. கேட்டுட்டுப் போறேன்."

அவர் முனகலாக, "அஞ்சலை" என்றார். நான் தெருக்கோடிவரை கேட்கும்படி 'உள்ளேன் ஐயா' என்று கத்தினேன்.

வாத்தியார் பண்ணையாரின் மைத்துனர். மறுநாள் காலை பண்ணைக் காரியக்காரர் அம்மாவிடம் இனி வேலை கிடையாது என்றார். நடவுப் பெண்கள் அத்தனை பேரும் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

"அவ எறங்குனாத்தான் நாங்க எறங்குவோம்."

பறித்துக் கட்டிய நாற்று வெயிலில் வாடத் தொடங்கியது. உச்சிவேளைக்குள் காரியக்காரரே வந்து அம்மாவைக் கூப்பிட்டார். அந்தச் சூட்டிலேயே விவசாயத் தொழிலாளர் சங்கம் கூலி நெல்லையும் கேட்டு உயர்த்தி வாங்கியது.

அறுவடை முடிந்து சில மாதங்கள் இருக்கும். எனக்குத் தலை வாரிக்கொண்டிருந்த அம்மாவின் கை திடீரென்று நின்றது.

"இங்க வந்து பாரேன்" என்று அப்பாவை அழைத்தாள். என் முடியின் அடியில் கறுப்பு ஏறியிருந்தது. இருவரும் குனிந்து பார்த்தார்கள். அம்மா அழுதுவிட்டாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவளுக்கும் என் செம்பட்டை அவமானமாகத்தான் இருந்திருக்கிறது என்று நினைத்து, அவள் கையைத் தட்டிவிட்டு ஓடினேன்.

அரைவயிற்றுக் கஞ்சிதான் என் தலையைச் செம்பட்டையாக்கியிருந்தது என்பதோ, இப்போது இரண்டு வேளைச் சோறு அங்கே கறுப்பாக முளைக்கிறது என்பதோ அன்று எனக்குத் தெரியாது.