கண்ணுக்குக் கீழே ஒரு சுழி

அந்தக் குதிரைக்குட்டியின் டிஎன்ஏ அதன் தாயோடும் ஒத்துப்போகவில்லை, தகப்பனோடும் ஒத்துப்போகவில்லை. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாமக்கல்லில் ஓர் ஆய்வுக்கூடத்தில் குதிரைகளின் மரபணு வரைபடம் தயாரிக்கும் வேலையில் இருந்தேன். தாய், தகப்பன், குட்டிகள் என்று குடும்பத்தோடு பிடரி மயிரை வேருடன் பிடுங்கி வருவோம். எந்தெந்த டிஎன்ஏ அடையாளங்கள் பிரியாமல் சேர்ந்தே குட்டிகளுக்கு இறங்குகின்றன என்று பார்ப்போம். அப்படி இறங்குபவை குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை. ஒரு குட்டி மாறினாலும் வரைபடம் கோணிவிடும். மயிரைப் போட்ட உறைகளில் பெயர் எழுதி ஒட்டியவள் நான்தான். மாற்றி ஒட்டியிருந்தால் அந்தத் தடவை எடுத்த அத்தனையும் குப்பைக்கு, என் வேலையும் கூடவே.

மறுநாள் காலையிலேயே குமாரபாளையம் போகும் வழியில், அந்தக் குட்டியின் மயிரை எடுத்த தோட்டத்துக்கு ஓடினேன். குட்டியின் டிஎன்ஏ ஒத்துப்போகவில்லை, நான்தான் உறையை மாற்றிவிட்டேனோ என்றதும் குதிரைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"தப்பு உங்க மேல இல்லீங்க அம்மிணி. நாந்தான் பக்கத்துத் தோட்டத்துக் குட்டியக் காட்டிப்போட்டேன்."

நிஜக் குட்டியை இப்போதே கொண்டுவாருங்கள் என்று கத்தினேன். அவர் கொட்டகைக்குப் பின்னாலிருந்து நிஜக் குட்டியைப் பிடித்து வந்தார். இடது கண்ணுக்குக் கீழே ஒரு சுழி. எங்கள் பக்கம் குதிரைக்குப் பல்லைப் பார்க்கும் முன் சுழியைத்தான் பார்ப்பார்கள். கண்ணீர் வழியும் இடத்தில் சுழி இருந்தால் அந்த வீட்டில் அழுகை விழும் என்பார்கள்.

"பையன் ரிக் வண்டியில போர்வெல் கெணறு போட ராஜஸ்தான் போயிருக்கறானுங்க. அவன் ஊடு வந்து சேர்ற வரைக்கும் இது யார் கண்ணுலயும் படக்கூடாதுன்னு இருந்தேன்."

சுழி என்பது மயிர் வளரும் திசை, அவ்வளவுதான் என்று கொஞ்சம் காட்டமாகவே பாடம் நடத்தினேன். தலையாட்டினார். நான் மயிரைப் பிடுங்கியதும் மகனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

ரிங் போய் நின்றது. மறுபடி போட்டார். எடுக்கவில்லை. அவர் உதடு உலர்ந்துபோனது. உறையில் எழுதிக்கொண்டிருந்த நான் எப்போது பேனாவை நிறுத்தினேன் என்று தெரியவில்லை. நான்தானே அந்தக் குட்டியை வெளியே கொண்டுவர வைத்தேன்? எடுடா சாமி, எடு என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

மூன்றாவது தடவை எடுத்தான். "மெஷின் சத்தத்துல கேக்கலீங்கப்பா."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். உறையில் மீதியை எழுதப் போனேன், எழுத்து கோணலாக விழுந்தது.