தேவகியின் நீலப் பல்

ஆரணியில் ஒரு பட்டுக்கடையில் புடவை எடுத்துக் காட்டும் வேலை தேவகிக்கு. கல்யாணக் கூட்டம் வந்தால் முதலாளி சம்பந்தம் அவளைத்தான் முன்னால் உட்காரவைப்பார். முந்தானையை விரித்துப் பிடித்து அவள் சிரித்துப் பேசினால், சும்மா பார்க்க வந்தவர்கள்கூட வாங்கிக்கொண்டு போவார்கள்.

2008ஆம் வருஷக் கோடையில் அவளுடைய மேல் முன்பல் ஒன்று சொத்தையாகி வேர்வரை சீழ் பிடித்தது. உள்ளூரில் பிடுங்கிவிடலாம் என்றார்கள். அவளுக்கு மனசு வரவில்லை. வந்தவாசியில் நடந்த பல் சிகிச்சை முகாமுக்குப் போனாள். அங்கே சென்னைப் பல் மருத்துவக் கல்லூரி ஒன்றிலிருந்து வந்திருந்த தீபா என்ற இளம் டாக்டர், பல்லைக் காப்பாற்றலாம் என்று நம்பிக்கை கொடுத்தார். வேருக்குள் நீல மருந்தை விட்டு, சிவப்பு வெளிச்சத்தைப் பாய்ச்சினால் கிருமிகள் செத்துவிடும், புது வைத்தியம் என்று விளக்கினார்.

தேவகி சென்னைக்குப் போய்ச் செய்துகொண்டாள். வலி போனது, சீழும் வற்றியது. ஆனால் கொஞ்ச நாளில் பல் உள்ளிருந்தே நீலம் பாரித்தது. எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை.

கடைக்கு வந்த ஒருத்தி, புடவையை விட்டுவிட்டு அவள் வாயையே பார்த்தாள். மை குடித்தாளா என்று யாரோ கேட்டுச் சிரித்தார்கள். தேவகி உதட்டை இழுத்து மூடிக்கொண்டு பேசப் பழகினாள், வியாபாரம் படுத்தது. சம்பந்தம் அவளைப் பின்பக்கம் புடவை மடிக்க அனுப்பிவிட்டார்.

மறுபடி சென்னை பஸ். தீபா மறைக்கவில்லை. அன்றைக்கு நோயாளிகள் கூட்டத்தில் அவசரப்பட்டு, மருந்தைச் சரியாகக் கழுவாமல் பல்லை மூடிவிட்டதாக ஒப்புக்கொண்டார். பல்லைத் திறந்து வெளுக்கும் மருந்து வைத்தார். பிறகும் வரச்சொன்னார். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போனது. நீலம் சாம்பலாக மாறியதோடு நின்றுவிட்டது.

அந்த எரிச்சல் அடங்குவதற்குள் பக்கத்துப் பல்லும் சீழ் பிடித்து ஈறு வீங்கியது.

"டாக்டரம்மா, இதுலயும் அந்தச் சாயம் நின்னுதுன்னா நான் எப்படிங்க நாலு பேர்கிட்ட வாயத் தொறப்பேன்? எவ்ளோ பேஜார்பட்டுகினு இருக்கேன் தெரியுமா?"

தீபா தன் பேராசிரியரிடம் போய்ப் பேசிவிட்டு வந்து, இந்த முறை வேறு மாதிரி செய்தார். பல்லின் வெளியே தெரியும் பகுதியில் படாமல் மருந்தை வேருக்குள் மட்டும் விட்டார். வெளிச்சம் பாய்ச்சி முடித்ததும் கிருமிக்கொல்லித் தண்ணீரால் திரும்பத் திரும்பக் கழுவினார். மெல்லிய காகிதக் குச்சியை உள்ளே விட்டு எடுத்தார். முதல் குச்சி நீலமாக வந்தது, அடுத்தது வெளுப்பு.

"இன்னொண்ணு விட்டுப் பாருங்க," என்றாள் தேவகி. சந்தேகம் தீரும்வரை தீபா செய்துகாட்டி, பிறகுதான் அடைத்தார்.

மாதங்கள் போயின. அந்தப் பல் நிறம் மாறவில்லை. கடையில் வழக்கமாக வருபவர்கள் அவளைக் கேட்டதால் சம்பந்தமும் திரும்ப முன்னால் கூப்பிட்டார்.

கடைசியாகச் சென்னைக்குப் போனபோது, இரண்டு பற்களையும் படமெடுத்து மாணவர்களுக்குக் காட்டலாமா என்று தீபா தயங்கிக் கேட்டார். கழுவியதும் கழுவாததும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

"காட்டுங்க. அடுத்தவளுக்காவது முதல்லயே கழுவட்டும். எம் பல்லு போனது போனதுதானே?"

சாம்பல் பல்லுக்கு உறை போட்டுத் தருவதாகத் தீபா சொன்னார். யோசித்துச் சொல்வதாகக் கூறிவிட்டு, தேவகி ஆரணி பஸ்ஸைப் பிடிக்க விடுவிடுவென்று நடந்தாள்.