பஸ் என்றால் போதும்

ஒரு பெண்ணின் தலை எரிந்துகொண்டிருந்தபோது அதை நிறுத்தக்கூடிய ஒரே ஆள் நான்தான். நான் நிறுத்தவில்லை. எதிரே முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

தவறுதலாக நடந்துவிட்டது என்று அன்று சொன்னேன். பாஷை புரியாமல் போனதுதான் காரணம் என்று சொன்னேன். பொய்! இத்தனை வருடங்களாக யாரிடமும் திருத்திச் சொல்லாத பொய்... உங்களுக்கு என்னைத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இப்போது சொல்கிறேன்.

முதலில் என் முடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுருட்டை என்றதும் நெற்றியில் அழகாகப் புரளும் சுருளை நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். என்னுடையது அது இல்லை. சீப்பை உள்ளே விட்டால் சீப்புதான் உடையும். அப்பா ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து புனேக்கு வந்து, தாபோடியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தார். நான் பிறந்ததும் படித்ததும் இங்கேதான். தினமும் காலையில் அம்மா என் தலையில் தேங்காய் எண்ணெயை ஊற்றி, கண்ணில் நீர் வரும்வரை இழுத்துப் பின்னுவாள்.

"இன்னாடி முடி இது! ஒன்னக் கட்டிக்க வர்றவன் தலையப் பாத்தே ஓடிப்புடுவான்!" என்பாள். சொல்லிக்கொண்டே தன் கொண்டைக்குள் சவுரியைச் செருகிக்கொள்வாள். சவுரி முடியாவது நேராக இருந்ததே, அதுதான் அவள் வாதம்.

தொண்ணூறுகளில் நம் நாட்டுப் பெண்கள் உலக அழகிப் பட்டங்களை வாங்கிக்கொண்டு வந்தார்கள், நினைவிருக்கிறதா? தலையில் கிரீடத்தை வைத்ததும் அழுதார்கள். தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து நானும் அழுதேன், வேறு காரணத்துக்காக. கிரீடம் உட்கார அந்தத் தலைகள் எவ்வளவு தோதாக இருந்தன!

இப்படிப்பட்டவள் போய்ச் சேர்ந்த வேலையைப் பாருங்கள்... விஷ்ராந்த்வாடியில் ஒரு பியூட்டி பார்லர். முதலாளி ஷோபாதாயி, மராத்திக்காரி. தாயி என்றால் அவர்கள் பேச்சில் அக்கா. சுவரில் ஷாம்பு விளம்பர நடிகையின் பெரிய படம். ஒரு முடி இன்னொன்றோடு சண்டை போடாத தலை. அந்தப் படத்துக்குக் கீழே நின்று மற்றவர்களின் தலையைச் சீராக்கினேன்.

தாயி என்னை "மதராசி" என்றுதான் கூப்பிடுவாள். எனக்கு மராத்தியும் இந்தியும் அவளுக்கு வரும் அளவுக்கு வரும். ஆனால் பெண்பாலை ஆண்பாலாக்கி நான் உளறினால் அவளுக்குச் சிரிப்பு. வாடிக்கையாளர்களிடமும் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கும் முதலாளி திட்ட மாட்டாள். ஆகவே தெரிந்தே உளறினேன். அந்தப் பழக்கம் எதற்கு உதவப்போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

அங்கேதான் வாஞ்சிரு வந்தாள். கென்யாவிலிருந்து புனேக்குப் படிக்க வந்தவள். நான்கு பார்லர்களில் 'இந்த முடிக்கெல்லாம் நாங்கள் செய்வதில்லை' என்று அனுப்பிவிட்டார்களாம். தாயியும் அதையேதான் சொல்ல வாயெடுத்தாள். நான் முந்திக்கொண்டு, "நான் செய்கிறேன்" என்றேன். அகலப் பல் சீப்பு, ஈரத்தில் எண்ணெய், நுனியிலிருந்து மேலே... என் தலையில் படித்த பாடம்தானே.

பிறகு அவள் என்னிடம் மட்டும்தான் வருவாள். ஒரு விடுமுறை நாளில் தன் அறைக்குக் கூட்டிப்போய் என் தலையில் சன்னமான பின்னல்கள் போட்டுவிட்டாள். தெரிந்த இந்தியைக் கொண்டு, "நீயும் நானும் ஒரே தலை. இந்த முடி அழகு, மறைக்காதே" என்றாள். அன்று மத்தியானம் கண்ணாடியில் தெரிந்தவளை எனக்குப் பிடித்திருந்தது. மெய்யாகவே பிடித்திருந்தது! ஆனால் தாபோடிக்குப் போகும் வழியிலேயே, பேருந்து நிறுத்தத்தில் நின்று, ஒவ்வொன்றாக நானே அவிழ்த்துவிட்டேன்.

அன்றுதான் அந்த வார்த்தையைப் பற்றிப் பேசிச் சிரித்தோம். "பஸ்" என்றால் இந்தியில் போதும். அவளுடைய ஊர்ப் பேச்சிலும் "பாஸி" என்றால் போதும்தானாம். இந்த ஊரில் இறங்கிய அன்று தனக்கு அந்நியமாகப் படாத ஒரே சொல் அதுதான் என்றாள். "மராத்தியில் பஸ் என்றால் உட்கார்" என்று நான் சொல்லிக்கொடுத்தேன். அவள் உடனே எழுந்து எழுந்து உட்கார்ந்து காட்டினாள். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

கவனியுங்கள்... நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

அதற்குச் சில மாதங்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. சாங்வியிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம். அதே சமயம் பார்லருக்கு முடியை நேராக்கும் புது க்ரீம் ஒன்று வந்திருந்தது. பூசிக்கொள்ள ஆசை, பயம். என் மாதிரி முடியில் அது வேலை செய்யுமா? யார் தலையில் பார்ப்பது?

வாஞ்சிருவின் கல்லூரியில் அப்போது ஆண்டு விழா. மேடையில் நடந்து வர அவளையும் தேர்ந்தெடுத்திருந்தார்கள். முடி மட்டும் மற்றப் பெண்களைப் போலப் படிந்திருக்க வேண்டும் என்றார்களாம். "அப்படியானால் நான் நடக்கவில்லை" என்று சொல்லிவிட்டு வந்தவள் அவள். இரண்டு நாள் பேசிப் பேசி அவள் மனதைக் கரைத்தவள் நான். ராணி மாதிரி இருப்பாய் என்றேன். படத்திலிருந்த நடிகையைக் காட்டினேன். அவளுக்காகச் சொல்வது போலவே சொன்னேன்!

வெள்ளிக்கிழமை மத்தியானம். தாயி சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தாள். க்ரீமைப் பூசிவிட்டுச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். பெட்டியில் இருபது நிமிடம் என்று போட்டிருந்தது. எரிந்தால் உடனே கழுவவும் என்றும் போட்டிருந்தது.

பன்னிரண்டாவது நிமிடத்தில் அவள் முகத்தைச் சுளித்தாள். "பஸ்" என்றாள்.

ஓர் இழையை எடுத்து நீட்டிப் பார்த்தேன். நேராக இருந்தது! நேராக... நுனியில் மட்டும் ஒரு சின்ன வளைவு பாக்கி. இன்னும் கொஞ்சம் விட்டால் அதுவும் போய்விடும். போனால், ஞாயிற்றுக்கிழமை என் தலையும் இப்படித்தான் இருக்கும்.

நான் முக்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"பஸ்... ப்ளீஸ்!" க்ரீம் வழிந்துவிடும் என்று கண்களை இறுக மூடியிருந்தாள். தண்ணீர்க் குவளை என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. மூன்றாவது தடவை அவள் சொன்னது இந்தி இல்லை. "பாஸி!" என்று, தன் அம்மாவிடம் கத்துவது போலக் கத்தினாள். அதற்குப் பிறகும் நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இருபது நிமிடமும் முடிந்தபோதுதான் எழுந்தேன்.

கழுவினேன். நேரான முடி கொத்துக் கொத்தாக என் கையோடு வந்தது. காதுக்கு மேலே தோல் உரிந்து உள்ளே சிவப்பாகத் தெரிந்தது.

"காய் ஜாலா? என்ன ஆச்சு?" என்று பதறிக்கொண்டு உள்ளே வந்தாள் தாயி. என் வாயில் அந்த உளறல் தயாராக இருந்தது. "பஸ் போலா, தாயி... மராத்தி சம்ஜா... மைன் பைட் கயா!" அவள் பஸ் என்றாள், மராத்தியில் உட்காரச் சொல்கிறாள் என்று நினைத்தேன், உட்கார்ந்தேன்!

தாயி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "இந்த மதராசிக்கு ஒரு பாஷையும் உருப்படியாக வராது" என்று வாஞ்சிருவிடம் மன்னிப்புக் கேட்டாள். எனக்காக!

வாஞ்சிரு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். அந்த அறையில் அந்தச் சொல்லை வைத்து எழுந்து எழுந்து உட்கார்ந்தவள் அல்லவா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்கும். தாயி இன்னும் ஏதோ சொல்ல வந்தபோது கையை உயர்த்தி, "பஸ்" என்றாள். துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு போய்விட்டாள்.

விழா அவள் இல்லாமல் நடந்தது. ஒரு நாள் அவள் தங்கியிருந்த வீட்டு வாசல்வரை போனேன். மாடியில் அவள் குரல் கேட்டது. திரும்பி வந்துவிட்டேன். மறுவருடம் ஊருக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். அந்த இடத்தில் முடி முளைத்ததா? தெரியாது... தெரிந்துகொள்ள நான் முயலவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டி, அம்மாவின் சவுரியைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். பெண் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். கல்யாணமான நாலாம் நாள் அந்தச் சவுரி என் கணவர் கையோடு வந்துவிட்டது. நான் இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டேன். அவரோ சிரித்துவிட்டார். "அட, முடிதானே! இதுக்கா இவ்ளோ பயந்தே?" என்றார்.

முடிதானே! இந்த ஒரு சொல்லுக்காகவா... அன்று இரவு நான் அழுததைச் சந்தோஷம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

இப்போது என் மகளுக்கு எட்டு வயது. என் முடி அப்படியே அவளுக்கு இறங்கியிருக்கிறது. தினமும் காலையில் சாங்வியில் எங்கள் வீட்டு ஜன்னலோரம் அவளை உட்காரவைத்துச் சீவுவேன். சிக்கில் சீப்பு மாட்டினால், "பஸ், அம்மா!" என்பாள். என் கை நின்றுவிடும். நானாக நிறுத்துவதில்லை, தானாகவே நின்றுவிடும். பிறகு அன்று முழுதும் அந்தத் தலையைத் தொட முடியாது. அவள் அதைக் கண்டுபிடித்துக்கொண்டாள். பாதி சீவிய தலையோடு துள்ளிக்கொண்டு பள்ளிக்கு ஓடுவாள். பிள்ளைக்குத் தலை வாரக்கூடத் தெரியாதா என்று பக்கத்து வீட்டில் கேட்கிறார்கள்.

போன வாரம் அவள் ஓடவில்லை. பள்ளியில் 'நூடுல்ஸ்' என்று கூப்பிடுகிறார்களாம். டிவியில் வரும் நடிகையைப் போல முடி வேண்டும் என்றாள். உன் முடி அழகு என்று சொன்னேன். வாஞ்சிரு எனக்குச் சொன்னதையெல்லாம் சொன்னேன். என் வாயிலிருந்து வந்ததாலோ என்னவோ, அவள் நம்பவில்லை.

"நீ பார்லர்ல காம் பண்ணினே நா? உனக்கு ஆத்தா ஹை, எல்லாம் தெரியும். ஸ்ட்ரெய்ட் பண்ணி விடும்மா" என்றாள்.

எரியும் கண்ணே, என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு என் எதிரே முக்காலியைப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்து, கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"எவ்ளோ எரிஞ்சாலும் நான் பஸ் சொல்ல மாட்டேன், அம்மா. பக்கா!"