வாத்தியாரம்மாவின் தாடை முன்னேறிய கதை

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. பயிற்சிக்கு வருகிறவர்கள் வாத்தியாரம்மா என்றே கூப்பிடுவார்கள். பக்கத்து இருக்கையில் அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. யார் எந்தச் சுவரை நோக்கிப் பாய்ந்தாலும் அந்தக் கால் முந்திக்கொள்ளும்.

ஆனால் கொஞ்ச நாளாக எங்கே உட்கார்ந்தாலும் கண் சொக்கியது. ராத்திரி முழுக்கத் தூங்கியும் காலையில் அடித்துப் போட்டதுபோல எழுந்தாள். காப்பி மேல் காப்பி குடித்தும் பலனில்லை.

ஒருநாள், வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற மேனேஜர் ஒருவருக்குப் பாடம். அவள் கண் விழித்தபோது கார் ஒரு டீக்கடை ஓரமாக, கோடு கிழித்த மாதிரி நின்றிருந்தது. மேனேஜர் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் சார் நிறுத்திட்டீங்க?"

"அசந்து தூங்கினீங்க, எழுப்ப மனசு வரலம்மா. நீங்க தூங்கற அளவுக்கு நான் நல்லா ஓட்டறேன்னு ஒரு சந்தோஷம்!"

அவருக்குச் சந்தோஷம், அவளுக்கு அத்தோடு போதும் என்றாகிவிட்டது. உடம்பு சரியாகும்வரை காரில் ஏறமாட்டேன், சாலை விதிகள் மட்டும் வகுப்பில் சொல்லித் தருகிறேன் என்று முதலாளியிடம் அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

அந்த வாரமே ஒரு கடைவாய்ப் பல் உடைந்தது. அதுவும் வாழைப்பழம் தின்னும்போது. எல்லோருக்கும் பழம் நழுவிப் பாலில் விழும்; இவளுக்குப் பல்லில் விழுந்தது.

பல் டாக்டர் சிரித்த முகக்காரி. மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுத் திரும்புவதற்குள், சாய்ந்த நாற்காலியில் வாத்தியாரம்மா வாயைத் திறந்தபடி குறட்டை விட்டாள். நர்ஸ் களுக்கென்று சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. குறட்டை சட்டென்று நின்றது. நெஞ்சு மட்டும் தவித்துத் தவித்து ஏறியது, மூச்சு வரவில்லை. பிறகு ஒரு பெரிய கர்ர்ருடன் திரும்பி வந்தது.

டாக்டர் அவளை எழுப்பி, வெளியே காத்திருந்த கணவரையும் உள்ளே கூப்பிட்டார். "வீட்ல இவங்க குறட்டை விடுவாங்களா?"

அவர் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். "கோவிச்சுக்காதே. நான் சமையல்கட்டுல ஃபிரிட்ஜ் பக்கத்துல போய்ப் படுக்கறது புழுக்கத்துக்காக இல்ல."

"அவப்பாவி மனுஹா!" மரத்த வாயால் அவ்வளவுதான் திட்ட முடிந்தது.

"சத்தம்கூடப் பழகிடுச்சு டாக்டர். நடுவுல சத்தமே இல்லாம போகுது பாருங்க, அப்பதான் எனக்கு உயிரே போகுது."

"தூக்கத்துல நாக்கும் தொண்டைச் சதையும் தளர்ந்து மூச்சு போற வழிய அடைக்குது. உங்களுக்குக் கீழ்த்தாடை சின்னது, இடமும் கம்மி. பல்லையும் நறநறன்னு கடிச்சுத் தேய்ச்சு வச்சிருக்கீங்க. ஸ்லீப் ஆப்னியாவா இருக்கலாம். ஆனா அத நான் முடிவு பண்ண முடியாது. தூக்கத்துக்குன்னு டாக்டர் இருக்கார், அவர் டெஸ்ட் பண்ணிச் சொல்லணும்."

பல் டாக்டர் உடைந்த பல்லை அடைத்து, தூக்க டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அவர் சொன்னபடி விரலில் கிளிப், மூக்கில் குழாய், மார்பில் பட்டை என்று மாட்டிக்கொண்டு வீட்டிலேயே ஓர் இரவு தூங்கினாள். "ராக்கெட்ல எப்பம்மா கிளம்பற?" என்றார் கணவர். முடிவைப் பார்த்த தூக்க டாக்டர், அதேதான், நடுத்தர அளவு என்றார். காற்று அடிக்கும் முகமூடியும் உண்டு, தாடையை முன்னால் பிடித்து வைக்கும் வாய்க்கருவியும் உண்டு; இவளுக்குக் கருவி ஒத்துவரும் என்று பல் டாக்டரிடமே திருப்பி அனுப்பினார்.

பல் டாக்டர் பற்களை அச்செடுத்து, மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்குமாகக் கருவி செய்து, தாடையைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்த்தும் விதத்தைக் காட்டினார்.

"புரிஞ்சுபோச்சு. முதல் கியர்ல போட்டு மெதுவா நகர்த்தணும்," என்றாள் வாத்தியாரம்மா.

ஆரம்பத்தில் தலையணை எச்சிலில் ஊறியது, தாடை வலித்தது. ஃபிரிட்ஜை விட்டுத் திரும்பி வந்த கணவருக்கோ அமைதியில் தூக்கம் வரவில்லை. உலுக்கி, "இருக்கியா?" என்பார். "இழுக்கேன்!" என்று கருவி அடைத்த வாயிலிருந்து பதில் வரும்.

பிறகு ஒரு காலை அலாரத்துக்கு முன்பே விழிப்பு வந்தது. ஏதோ குறைகிறதே என்று படுத்தபடியே யோசித்தாள். அசதிதான் குறைந்திருந்தது! எழுந்தவள் ஜன்னல் திரைகளையெல்லாம் கழற்றித் துவைத்தாள், மின்விசிறியைத் துடைத்தாள், துடைக்க வேறொன்றும் கிடைக்காமல் கணவரின் கண்ணாடியைத் துடைத்து அவர் மூக்கிலேயே மாட்டினாள்.

"ஏம்மா, உன்னை எங்க ஆஃப் பண்றதுன்னு டாக்டர் சொன்னாங்களா?" என்றார் அவர் பாதித் தூக்கத்தில்.

கருவியோடு மறுபடி டெஸ்ட் எடுத்தார்கள். மூச்சு சீராக இருக்கிறது, பகலில் கண் சொக்குவதும் போய்விட்டது, இனி காரில் ஏறலாம் என்றார் தூக்க டாக்டர்.

முதல் பாடம் மேனேஜருக்கு. "கண்ணாடி பார்க்கல. இண்டிகேட்டர் எங்க? கிளட்ச்ச விடுங்க சார், அது என்ன உங்க மாமனார் வீட்டுத் திண்டா, கால வச்சே உட்கார்ந்திருக்கீங்க?" தெருமுனை வருவதற்குள் அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கணவனும் மனைவியும் மதியக் காட்சிக்குப் போனார்கள். கண் சொக்கத் தொடங்கியதிலிருந்து எந்தப் படத்திலும் இடைவேளைக்குப் பிறகு அவள் எதையும் பார்த்ததில்லை. அன்று கடைசிப் பெயர் திரையில் ஓடி முடியும்வரை இமைக்காமல் உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்ததும் கையை வீசி வீசிக் கதை சொல்லத் தொடங்கினாள்.

"யாரு கொலை பண்ணதுன்னு தெரியுமா? நம்பவே மாட்டீங்க! அந்தக் கணக்குப்பிள்ளை இருக்கான் பாருங்க..."

"நானும் உன் பக்கத்துலதான்மா உட்கார்ந்து பார்த்தேன்."

"அதுக்கென்ன, பேசாம கேளுங்க!" என்று அவர் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி மிச்சக் கதையைச் சொல்லியபடி நடந்தாள்.