சிரிப்பான் விழுங்கிய கற்கள்

சித்தப்பாவுக்கு வெறும் தரையைப் பார்த்தால் கை பரபரக்கும். டைல்ஸ் ஒட்டுகிறவர். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் தரையைப் பார்ப்பார், பிறகுதான் ஆளை.

அவர் மகள் ஆக்சலாட்டில் என்றோர் உயிரினத்தை வளர்த்தாள். செவுள்கள் தலையின் இருபுறமும் இறகுபோல் விரிந்த, நாலு கால் உள்ள நீர்ப்பிராணி. வாய் எப்போதும் சிரிப்பதுபோல் இருப்பதால் சிரிப்பான் என்று பெயர். வேலைப் பயிற்சிக்கு வெளியூர் போகும்போது கண்ணாடித் தொட்டியோடு சித்தப்பாவிடம் ஒப்படைத்தாள். தண்ணீர் சூடாகக் கூடாது, மண்புழுவை இடுக்கியால் ஊட்ட வேண்டும், தொட்டிக்குள் வேறு எதையும் போடக் கூடாது என்றாள்.

சித்தப்பா புழுவை அலசி, நறுக்கி, அதன் முகத்தருகே ஆட்டுவார். சட்டென்று வாய் திறக்கும். தண்ணீரோடு புழு உள்ளே போய்விடும்.

"கட்டிக்கிட்டவளுக்கு ஒரு வாய் ஊட்டினதில்ல. இந்தப் பல்லிக்கு உபசாரத்தைப் பாரு," என்பாள் சித்தி.

"மெதுவாப் பேசுடி. அவனுக்குக் கேட்டுடப் போகுது."

ஆனால் தொட்டியின் வெறும் கண்ணாடித் தரை அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. வேலையில் மிஞ்சிய பளிங்குச் சில்லுகளைக் கூர்மை போகத் தேய்த்து, கழுவி, பச்சையும் வெள்ளையுமாகப் பரப்பினார். மகள் அசந்துபோவாள் என்றார். எனக்கும் அழகாகத்தான் தெரிந்தது.

சில நாளில் சிரிப்பான் புழுவைச் சட்டை செய்யவில்லை. வயிறு உப்பி, ஒருக்களித்துக் கிடந்தது. மகள் போனில் கேட்டாள். "சாப்பிடறானாப்பா?"

"அவனுக்கென்ன, ராஜா மாதிரி இருக்கான்." போனை வைத்தபின் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் வாளியோடு கால்நடை மருத்துவரிடம் போனோம். எக்ஸ்ரேயில் வயிறு நிறையச் சில்லுகள்.

"இது கடிச்சுத் தின்னாதுங்க, உறிஞ்சும். கீழ கிடக்கிறதும் சேர்ந்து போயிடும். யாரு கல்லு போட்டது?"

"வீட்ல சின்னப் பசங்க..." என்றார் சித்தப்பா. அந்த வீட்டில் சின்னப் பசங்களே கிடையாது. நான் வாளிக்குள் பார்த்துக்கொண்டேன்.

குளிர்ந்த நீரில் வைத்தால் தானாக வெளியேறலாம், இல்லையென்றால் கஷ்டம்தான் என்றார் மருத்துவர். வெளியே வந்ததும் சித்தப்பாவே மகளுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னார். அவள் மாலையே வந்துவிட்டாள்.

"நான் என்னப்பா சொல்லிட்டுப் போனேன்?"

"வெறுமையா இருந்துச்சும்மா."

"அவனுக்கு அப்படித்தான்ப்பா இருக்கணும்."

அதற்குமேல் அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். அடுத்த சில நாட்களில் சில்லுகள் ஒவ்வொன்றாக வெளியேறி, ஒருவழியாகச் சிரிப்பான் புழு இருந்த பக்கம் தலையைத் திருப்பியது. மகள் இடுக்கியை எடுத்தாள்.

"ஒரே ஒரு வாய் நான் குடுக்கட்டாம்மா?"

"இன்னைக்கு வேணாம்ப்பா."

"சரிம்மா, சரி," என்று, முன்னமே கழுவி வைத்திருந்த கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.